நீலத் தார்ப்பாய்

மூன்று காகித உறைகள்.
இடது கால்சட்டைப் பையில் ஒன்று,
இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே ஒன்று,
மூன்றாவது சட்டைக்குள், யாருக்கும் தெரியாமல்.
மற்றவர்கள் எரிபொருள் அளவு பார்க்கும்போது
நான் இதையும் சேர்த்து எண்ணிக்கொள்வேன்.

கமலாபுரம் ஓடுபாதையில் காலை ஆறரைக்குக் காற்று
இன்னும் எழுந்து பல் துலக்கியிருக்காது.
அந்த நேரத்தைக் கெஞ்சி வாங்குவேன்.
ஒன்பதுக்கு மேல் என்றால் போச்சு.
வெள்ளைக்கல் சுரங்கம் சூடேறி
அடியிலிருந்து ஓர் உதை விடும்.
மேட்டூர்த் தண்ணீர்ப் பக்கம் திரும்பினால்
கையை விட்ட மாதிரி கீழே போடும்.
இரண்டுக்கும் நடுவே எங்கோ
என் வயிறு தனியாகப் பறந்துகொண்டிருக்கும்.

வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்தேன், பச்சையாய் வந்தது.
அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுப் போய்ப் பார்த்தேன்,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
இஞ்சி, எலுமிச்சை இலை, மணிக்கட்டை அழுத்தும் பட்டை,
ஜெஸ்வின் கொடுத்த புதினா மிட்டாய்.
மாத்திரை போட்டால் தூக்கம் வரும்.
தூங்கித் தூங்கி ஓட்ட இது
எங்கள் ஊர் ராத்திரி லாரி இல்லை
(அப்பா காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார்).

எடுத்தவரே கழுவ வேண்டும் என்பது விதி.
வாளி, பினாயில், திருப்பூர் பனியன் வேஸ்ட்.
முதல் மாதம் ஐந்து முறை.
அந்த விமானத்தின் தரைவிரிப்பை
என்னளவுக்கு யாரும் படித்ததில்லை.
நான் கேட்பதற்கு முன்பே சென்னியப்பண்ணன்
வாளியை நிழலில் நிரப்பி வைத்திருப்பார்.
அந்த மரியாதைதான் கொஞ்சம் அதிகமாக வலித்தது.

தொடுவானத்தைப் பார் என்கிறது பாடப்புத்தகம்.
எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததில்லை.
கிழக்கே சேர்வராயன், தெற்கே கஞ்சமலை, மேற்கே பாலமலை.
கோடு என்று எதில் கண்ணை வைத்தாலும்
ஒரு கரடு வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் உண்மை அதுவும் இல்லை.
நான் பார்த்தது தூரத்தை அல்ல, கீழே,
சங்ககிரி தாண்டும் நெடுஞ்சாலையில்
ஒவ்வொரு வண்டியாக.
பத்துச் சக்கரம், பச்சைக் கேபின்,
நீலத் தார்ப்பாயில் வலப்பக்கம் ஒரு மஞ்சள் ஒட்டு.
போன தையில் அப்பா கைமாற்றிய வண்டி.
முன் சக்கரங்கள் என் தேர்வுக் கட்டணம்,
மிச்சமெல்லாம் மணிக்கணக்கில் வானம்.
வாங்கிய பவானிக்காரர்
இதே தடத்தில்தான் ஓட்டுகிறாராம்.

மூவாயிரம் அடியிலிருந்து ஒட்டு தெரியாது.
தெரியாது என்று தெரிந்தே தேடுவேன்.
சாலை ஒரு பக்கம் சாய, இறக்கை மறுபக்கம் சாய,
காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல,
வாயில் உப்பு நீர் ஊறும்.
உறை எண் ஒன்று.

புரட்டாசியில் ஒரு நாள் தேடவில்லை.
தீர்மானமெல்லாம் இல்லை.
மேகம் தாழ்ந்திருந்தது, ரேடியோ கரகரத்தது, வேலை இருந்தது.
சங்ககிரி உச்சிக் கோட்டைச் சுவரை
மூக்குக்கு நேராக வைத்து
ஆறு நிமிடம் பிடித்திருந்தேன்.
இறங்கிய பிறகுதான் கவனித்தேன்,
மூன்று உறையும் மடிப்புக் கலையவில்லை.

ஐப்பசி பதினொன்று.
கதவைச் சாத்திவிட்டுக் கேப்டன் பரூவா
திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.
ஆள் குறைந்த விமானம் சீக்கிரமே தரையை விட்டது.
இடது, இடது, இடது, இடது. ஒரே சுற்று.
குமட்டல் வந்தது. வராமல் எங்கே போகும்?
வந்து, காலியான பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது.
பெல்ட் போட்டுக்கொள் என்றேன்.
இரண்டு பேரும் இறங்கினோம்.

தனியாகப் பறந்தவர் தலையில் தண்ணீர் ஊற்றுவது வழக்கம்.
அதே வாளி. சென்னியப்பண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

ஈரத்தோடு ஓமலூரில் பஸ் ஏறினேன்,
பின் சக்கரத்து மேல் சீட்டுத்தான் கிடைத்தது.
தாரமங்கலம் தாண்டி ஒரு வளைவு.
முன்னால் லாரி, நீலத் தார்ப்பாய்.
ஒட்டு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

உறை எண் ஒன்று. இரண்டு.

கண்டக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்:
"வண்டி ஏறிப் பழக்கமில்லீங்களா, அம்மிணி?"